யானை போற பாலத்துக்கு யாரு காசு குடுக்கணும்?

போன இதழ்ல காண்டாமிருகத்துக்குப் பேர் போன காசிரங்கா தேசியப் பூங்கா ரோட்டைப் பத்தி நாலு வரி துணுக்கு ஒண்ணு போட்டிருந்தோம். அசாம்ல களியாபோர் – நுமாலிகர் ரோட்டை நாலு வழியா மாத்த 2025 அக்டோபர் 1ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்தது, அதுல 34.45 கிலோமீட்டர் தூரத்துக்கு மிருகங்க கீழ போயிட்டு வர்ற மாதிரி தூண் மேல ரோடு வரப்போகுது, இவ்ளோதான் அந்த செய்தி. அதுக்கு வந்த கடிதமும் வாட்ஸ்அப் மெசேஜும் பாத்தா நிறைய பேருக்கு இதுல கோவமும் இருக்கு, ஆசையும் இருக்கு, சந்தேகமும் இருக்கு. அதனால இந்த வாரம் முழுசும் இதே விஷயம்தான்.

கேள்வி: எங்க பக்கம் ரோடு குண்டும் குழியுமா கிடக்கு, மழை பெஞ்சா ஸ்கூல் வேன் உள்ள வராது. அங்க காண்டாமிருகம் நடக்குறதுக்கு 6,957 கோடியா? மனுஷனுக்கு அப்புறம்தானங்க மிருகம்?
– ஒரு வாசகர், திருப்பூர்

உங்க கோவத்துல தப்பே இல்லைங்க, வேன் வராத ரோட்டுல புள்ளைய நடத்திக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு இந்த நம்பரைப் பாத்தா வயிறு எரியத்தான் செய்யும். ஆனா கணக்கை மட்டும் கொஞ்சம் சரியா பாத்துக்கலாம். அந்த 6,957 கோடி காண்டாமிருகத்துக்குன்னு தனியா எடுத்து வெச்ச காசு கிடையாது, 85.675 கிலோமீட்டர் ரோடு முழுசையும் நாலு வழியா மாத்துற மொத்த செலவு அது, அதுக்குள்ளயே ஜக்லாபந்தா, பொகாகாத் ஊருங்களுக்கு பைபாஸும் வருது, அந்த தூண் மேல போற ரோடும் வருது. கவுகாத்தியில இருந்து ஜோர்ஹாட், திப்ருகர் பக்கம் போறவங்களுக்கு இதுதான் மெயின் ரோடு. லாரி, பஸ், ஆம்புலன்ஸ் எல்லாம் இதுலதான் போகுது. அதாவது அந்த காசுல ஓடப்போறது மனுஷன் ஓட்டுற வண்டிதான்.

அந்த இடத்தோட அமைப்பை மனசுல வெச்சுக்கிட்டா மீதி தானா புரியும். வடக்கால பிரம்மபுத்திரா, தெற்கால கார்பி ஆங்லோங் மலை, நடுவுல காடும் புல்வெளியும், அந்த காட்டுக்கும் மலைக்கும் குறுக்க இந்த ரோடு. வருஷா வருஷம் ஆத்துல வெள்ளம் வந்து காட்டுக்குள்ள ஏறும், அந்த வெள்ளம் இருந்தாத்தான் அங்க புல்லும் ஏரியும் உயிரோட இருக்கும், அதனால வெள்ளத்தை நிறுத்தணும்னு அங்க காட்டைத் தெரிஞ்ச யாரும் கேக்க மாட்டாங்க. தண்ணி ஏறுனா மானு, யானை, காண்டாமிருகம், புலி எல்லாம் மேட்டைத் தேடி மலைக்குப் போகணும், போறதுன்னா ரோட்டைத் தாண்டணும். இத்தனை வருஷமா அங்க ஃபாரஸ்ட்காரங்க என்ன பண்ணாங்கன்னா, வெள்ள நேரத்துல வண்டி உள்ள நுழையும்போது ஒரு டைம் கார்டு குடுத்து, 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகக்கூடாதுன்னு சொல்லி, அந்தப் பக்கம் சீக்கிரமா போய்ச் சேந்துட்டா ஃபைன் போடுவாங்க. அப்படியும் மானுங்க அடிபட்டு சாகறது நிக்கல. இப்ப அந்த ரெண்டு வழி ரோட்டையே அகலமா ஆக்கி வேகத்தையும் ஏத்தப் போறோம்னா, கீழ வழி விடாம கட்டுறது எந்த விதத்துல சரின்னு சொல்லுங்க?

நான் பாக்குற விதம் இதுதான். ரோடு போடும்போது ஓடை குறுக்க வந்தா கல்வெர்ட் கட்டுறோம்ல, அதுக்கு தண்ணி மேல உள்ள பாசம்னு யாரும் சொல்றதில்ல, கல்வெர்ட் இல்லாம போட்டா அது முழுசா போட்ட ரோடு இல்ல, அவ்ளோதான். காட்டு வழியா போற ரோட்டுக்கு மிருகம் தாண்டுற வழியும் அதே மாதிரிதான், ரோட்டோட எஸ்டிமேட்டுலயே அது ஒரு ஐட்டமா இருக்கணும். உங்க ஊர் ரோட்டுக்கு காசு வராததுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்க, அது வேற துறை, வேற கணக்கு, அந்தக் காசை நீங்க கேட்டே ஆகணும், விடாதீங்க.

கேள்வி: நான் நாக்பூர்ல ஆறு வருஷமா வேலை பாக்குறேன். ஜபல்பூர் போற வழியில பெஞ்ச் காட்டுக்குள்ள ரோடு மேலயும் கீழயுமா ஏறி இறங்கும், அடியில புலி போகுதுன்னு சொல்றாங்க. நிஜமா போகுதா, இல்ல பேப்பர்ல எழுதுறதுக்கு சொல்றதா?
– ஒரு வாசகர், நாக்பூர்

நிஜமாவே போகுதுங்க, போட்டோ எடுத்து வெச்சிருக்காங்க!

நீங்க போற அந்த ரோடு என்.எச். 44, பழைய பேரு என்.எச். 7, நம்ம கன்னியாகுமரியில ஆரம்பிக்கிற அதே ரோடுதான். அது பெஞ்ச் புலிகள் காப்பகம் பக்கத்துல, பெஞ்ச்ல இருந்து கன்ஹா புலிகள் காப்பகம் வரைக்கும் புலிங்க போயிட்டு வர்ற காட்டை வெட்டிக்கிட்டு போகுது. அதை நாலு வழி ஆக்கணும்னு ஹைவேஸ் கிளம்புனப்ப கோர்ட்டு, பசுமைத் தீர்ப்பாயம்னு வருஷக்கணக்கா இழுத்துச்சு, மரம் வெட்டுறதை நிறுத்துனாங்க, மறுபடி ஆரம்பிச்சாங்க. கடைசியில டேராடூன்ல இருக்குற இந்திய வனவிலங்கு நிறுவனம் சொன்னபடி மகாராஷ்டிரா பக்கத்துல மட்டும் 9 இடத்துல ரோட்டைத் தூக்கி அடியில வழி விட்டாங்க. சின்னது 50 மீட்டர், பெருசு 750 மீட்டர் நீளம். முக்கா கிலோமீட்டருக்கு ரோடு தூண் மேல நிக்குது, அடியில காடு அப்படியே தொடருது.

2019 மார்ச்ல இருந்து டிசம்பர் வரைக்கும் அந்த ஒன்பதுலயும் கேமரா கட்டி வெச்சு பாத்தாங்க. காட்டு மிருகங்க மட்டும் 18 வகை, 5,450 தடவை பதிவாச்சு. புலி 89 தடவை, உடம்புல இருக்குற வரியை வெச்சு பிரிச்சுப் பாத்தா அது 11 தனித்தனி புலி. செந்நாய், சிறுத்தை, கடமான், புள்ளிமான், காட்டுப்பன்னி, முயல்னு எல்லாம் அடியில போயிருக்கு. இது எத்தனை தடவை போச்சுங்குற எண்ணிக்கை, அத்தனை மிருகம்னு அர்த்தம் இல்ல, சில பேரு இதை 5,450 மிருகம்னு ஃபார்வர்டு பண்றாங்க, அது தப்பு. ஆனா எனக்கு மனசு நெறஞ்சு போனது அந்த 11தான். ஒரு புலி ரோட்டுக்கு இந்தப் பக்கமே மாட்டிக்கிட்டா சொந்தத்துக்குள்ளயே இணை சேர வேண்டி வரும், ரெண்டு மூணு தலைமுறையில அந்த கூட்டமே நலிஞ்சு போயிடும். தாண்டிப் போற ஒவ்வொரு புலியும் அந்தப் பக்கத்துக்கு புது ரத்தம் கொண்டு போகுது. ஒரு கான்கிரீட் தூணு அந்த வேலையைப் பண்ணுதுன்னு நெனச்சா எனக்கு இன்னமும் ஆச்சரியமாத்தான் இருக்கு.

அடுத்த தடவை அந்த வழியா போகும்போது மேம்பாலத்து ஓரத்துல நிக்கிற தடுப்புப் பலகையையும் கவனிங்க, வண்டி சத்தமும் ஹெட்லைட் வெளிச்சமும் கீழ காட்டுக்குள்ள போகாம இருக்கத்தான் அது.

கேள்வி: இதுக்கெல்லாம் எந்த டிபார்ட்மெண்ட் காசு குடுக்குது சார்? ஃபாரஸ்ட்டா ஹைவேஸா? ஃபாரஸ்ட்ல கேட்டா ஹைவேஸ்னு சொல்றாங்க, ஹைவேஸ்ல கேட்டா ஃபாரஸ்ட்னு சொல்றாங்க.
– ஒரு வாசகர், கூடலூர்

நல்ல கேள்வி, இதுலதான் விஷயமே இருக்கு.

புது ரோடா இருந்தா, இல்ல இருக்குற ரோட்டை அகலப்படுத்துறதா இருந்தா, ரோடு போடுறவங்கதான் குடுக்கணும். சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் வழியா போற ரோட்டுக்கு 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி தேசிய வனவிலங்கு வாரியத்து ஒப்புதல் வேணும், புலிகள் காப்பகம்னா தேசிய புலிகள் காப்பக ஆணையமும் கருத்து சொல்லணும். அப்ப வாரியம் போடுற கண்டிஷன்ல, மிருகம் தாண்டுறதுக்கு ஒரு பிளான் போடுங்க, இன்ன இடத்துல இத்தனை மீட்டர் அண்டர்பாஸ் கட்டுங்க, செலவு உங்களோடதுன்னு வரும். அதுக்கு வழிகாட்டியா வனவிலங்கு நிறுவனம் 2016ல ஒரு கையேடே போட்டிருக்கு. அப்ப அந்த காசு தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துல இருந்தோ மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துல இருந்தோ திட்டச் செலவுலயே வந்துடும். டெல்லி – டேராடூன் எக்ஸ்பிரஸ்வேயில ராஜாஜி காட்டு ஓரமா சுமார் 12 கிலோமீட்டர் தூண் மேலயே போகுதே, அது இப்படி வந்ததுதான். டெல்லி – மும்பை எக்ஸ்பிரஸ்வேயில ரந்தம்பூர் பக்கம் அஞ்சு இடத்துல வண்டி கீழ போக மிருகம் மேல போற மாதிரி மண்ணைப் போட்டு செடி வெச்சு பாலம் கட்டியிருக்காங்களே, அதுவும் அப்படித்தான்.

சிக்கல் எங்கன்னா பழைய ரோட்டுல. ஏற்கனவே போட்டாச்சு, அகலப்படுத்துற பேச்சும் இல்ல, ஆனா தினமும் மிருகம் சாகுது, அங்க யாரு குடுக்குறது? உங்களை ரெண்டு ஆபீஸும் அலைய விட்டது இந்த ஓட்டையினாலதான். ஹைவேஸ்காரங்களுக்கு அங்க திட்டமே இல்ல, திட்டம் இல்லாத இடத்துல எஸ்டிமேட் போட முடியாது. ஃபாரஸ்ட்காரங்க பட்ஜெட்டுல பாலம் கட்டுற அளவுக்கு காசு கிடையாது. காம்பான்னு ஒரு நிதி இருக்கு, காட்டு நிலத்தை வேற வேலைக்கு எடுக்குறவங்க கட்டுற காசு, 2016 சட்டப்படி அதுல 90 சதவீதம் மாநிலத்துக்குத்தான் வரும், அதுல வனவிலங்கு வேலைக்கும் செலவு பண்ணலாம், ஆனா அதுல பெரும்பகுதி மரம் நடுறதுக்குத்தான் போகுது. பழைய ரோட்டுல மிருகம் தாண்டுற வழி கட்டுறதுக்குன்னே வருஷா வருஷம் தனியா ஒரு தலைப்புல மத்திய பட்ஜெட்டுல காசு ஒதுக்கணும், மாநிலம் கேட்டு வாங்கிக்கிற மாதிரி இருக்கணும், இதுதான் என் கருத்து. அப்படி தலைப்பு இல்லாத வரைக்கும் யாராவது கோர்ட்டுக்குப் போனாத்தான் காசு வரும், கோர்ட்டுக்குப் போக ஆள் இல்லாத காட்டுக்கு வரவே வராது.

கேள்வி: பந்திப்பூர் வழியா ராத்திரி 9 மணிக்கு மேல விடமாட்டேங்குறாங்க. எங்க அம்மாவை மைசூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு திரும்பும்போது விடியற வரைக்கும் செக்போஸ்ட்லயே நின்னோம். நீங்க சொல்ற மாதிரி மேம்பாலம் கட்டிட்டா ராத்திரியும் போகலாம்ல?
– ஒரு வாசகி, சுல்தான் பத்தேரி

அம்மாவை வெச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க காத்துக் கிடந்தது ரொம்ப கஷ்டம்தாம்மா, அம்மா இப்ப நல்லா இருக்காங்கன்னு நம்புறேன். ஆம்புலன்ஸ் மாதிரி அவசர வண்டிக்கு அங்க அனுமதி உண்டு, குறிப்பிட்ட சில பஸ்ஸும் விடுறாங்க, ஆனா சொந்தக் கார்ல திரும்பி வர்றவங்களுக்கு அது உதவாதுன்னு எனக்கும் தெரியுது.

உங்க யோசனையை அரசாங்கமே ஒரு தடவை யோசிச்சுது. 2009ல தடை வந்துச்சு, 2010ல கர்நாடக உயர் நீதிமன்றம் அதை உறுதி பண்ணுச்சு, அப்புறம் 2018ல மத்திய சாலை அமைச்சகம் ஒரு திட்டம் சொல்லுச்சு, நீங்க போற அந்த ரோட்டுல, அதாவது என்.எச். 766ல அஞ்சு இடத்துல ஒவ்வொண்ணும் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு தூண் மேல ரோடு, செலவு 450 கோடிக்கு மேல, கேரளா பாதி குடுக்கத் தயார்னு சொன்னாங்க. கர்நாடகா ஒத்துக்கல, காடு தெரிஞ்சவங்க நிறைய பேரும் ஒத்துக்கல.

இந்த ஒரு இடத்துல நானும் அவங்க பக்கம்தாம்மா, உங்களுக்கு வருத்தமா இருந்தாலும் சொல்லிடறேன். காட்டுக்குள்ள சுமார் 25 கிலோமீட்டர் போற ரோட்டுல அஞ்சு கிலோமீட்டர்தான் தூண் மேல வரும், மீதி இருபது தரையிலயேதான் இருக்கும். ராத்திரி தடையை எடுத்துட்டா அந்த இருபது கிலோமீட்டர்ல நடக்குற யானைக்கும் மானுக்கும் இப்ப கிடைக்கிற ஒன்பது மணி நேர நிம்மதியும் போயிடும். தூண் நட அந்த காட்டுக்குள்ள வருஷக்கணக்கா மிஷின் ஓடணும், அதுவும் நாகரஹொளே, முதுமலை, வயநாடு எல்லாம் ஒண்ணா சேர்ற நடு மையத்துல. பெஞ்ச்ல ரோட்டை அகலப்படுத்துறதுன்னு முடிவாயிடுச்சு, அதனால அண்டர்பாஸ் வேணும்னு சண்டை போட்டது சரி. பந்திப்பூர்ல பைசா செலவில்லாம ஒரு வழி ஏற்கனவே வேலை செய்யுது. குட்டா, கோணிகொப்பல் வழியா மாத்து ரோடு இருக்கு, கொஞ்சம் சுத்துதான், அந்த 450 கோடியில ஒரு பங்கைப் போட்டு அந்த ரோட்டை நல்லா பண்ணி, வயநாட்டுலயே பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணு சரியா நடத்துனா உங்க அம்மா மாதிரி இருக்கறவங்க மைசூர் வரைக்கும் போகவே வேண்டாமே.

நம்ம சத்தியமங்கலத்துலயும் இதே கதைதான். பண்ணாரி – காரப்பள்ளம் ரோட்டுல 2022 பிப்ரவரியில இருந்து சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபடி ராத்திரி தடை நடக்குது. நான் ஒரு தடவை விடியக்காலையில பண்ணாரி செக்போஸ்ட் திறக்கக் காத்துக்கிட்டு இருந்தேன், வண்டி சத்தமே இல்ல, தூரத்துல மான் கத்துறது கேட்டுச்சு. ஆறு மணிக்கு கேட்டைத் தூக்குன உடனே பின்னாடி இருந்த லாரி எல்லாம் ஒண்ணா ஸ்டார்ட் ஆச்சு, அதுக்கப்புறம் எதுவும் கேக்கல.

கேள்வி: நாங்க கலிபோர்னியாவுல இருக்கோம். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துல 101 ஹைவே மேல பெரிய பாலம் கட்டுறாங்க, ஒரு சிங்கத்துக்காகன்னு பசங்க ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்களாம். அமெரிக்காவுல அரசாங்கம் எப்படி காசு குடுக்குது, நம்ம ஊருக்கு அதுல கத்துக்க ஏதாவது இருக்கா?
– ஒரு வாசகி, சான் ஹோசே

உங்க பசங்க சொன்னது மலைச்சிங்கம், பி-22ன்னு நம்பர்தான் அதுக்குப் பேரு. ரெண்டு பெரிய ஃப்ரீவேயைத் தாண்டி கிரிஃபித் பார்க்குக்கு வந்து, திரும்பிப் போகவும் முடியாம ஜோடியும் கிடைக்காம சுமார் பத்து வருஷம் அங்க தனியாவே இருந்துச்சு, 2022 டிசம்பர்ல உடம்பு ரொம்ப மோசமாகி கருணைக்கொலை பண்ண வேண்டி வந்துச்சு. அந்த மலைப்பகுதியில இருக்குற மத்த மலைச்சிங்கங்களுக்கு சொந்தத்துக்குள்ளயே குட்டி பொறந்து வால் வளைஞ்சு போன மாதிரி குறையெல்லாம் வர ஆரம்பிச்சுடுச்சு. அதுக்குத்தான் லிபர்ட்டி கேன்யன்ல பத்து லேன் ரோட்டுக்கு மேல, ஒரு நாளைக்கு 3 லட்சம் வண்டி போற இடத்துல, மண்ணு போட்டு செடி வெச்சு அந்த பாலம், 2022 ஏப்ரல்ல வேலை ஆரம்பிச்சாங்க. அதுக்கு அரசாங்கக் காசு மட்டும் இல்ல, அன்னன்பெர்க் அறக்கட்டளை 2.5 கோடி டாலர் குடுத்துச்சு, அதான் பாலத்துக்கு வாலிஸ் அன்னன்பெர்க் பேரு, சாதாரண ஜனங்களும் குடுத்திருக்காங்க.

ஆனா கத்துக்க வேண்டியது வேற இடத்துல இருக்கு. 2021ல அங்க போட்ட பெரிய உள்கட்டமைப்பு சட்டத்துல இதுக்குன்னே தனி தலைப்பு வெச்சாங்க, அஞ்சு வருஷத்துக்கு 35 கோடி டாலர். நான் மேல கூடலூர் வாசகருக்கு சொன்னேனே, அந்த தலைப்பு இதுதான். மாநிலம், உள்ளாட்சி, பழங்குடி அரசுகள் எல்லாம் விண்ணப்பம் போடலாம், மத்திய அரசு பெரும்பங்கு குடுக்கும், மீதியை கேக்குறவங்க போடணும். காசுல குறைஞ்சது 60 சதவீதம் கிராமப்புறத்துக்குப் போகணும்னு சட்டத்துலயே எழுதிட்டாங்க, அது எனக்கு ரொம்பப் பிடிச்சது. 2023 டிசம்பர்ல முதல் சுத்துல 17 மாநிலத்துல 19 திட்டத்துக்கு 11 கோடி டாலர், அடுத்த டிசம்பர்ல 16 திட்டத்துக்கு 12.5 கோடி. கொலராடோவுல டென்வருக்கும் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கும் நடுவுல ஐ-25 மேல எல்க் மான் தாண்ட கட்டுன பெரிய பாலத்துக்கு முதல் சுத்துலயே காசு கிடைச்சுது.

குறையும் சொல்லணும்ல. அந்த சட்டத்தோட மொத்த மதிப்பு சுமார் 1.2 லட்சம் கோடி டாலர், அதுல 35 கோடிங்குறது பத்தாயிரம் டாலர்ல மூணு டாலர் கூட வராது. பேரே சோதனைத் திட்டம்தான், 2026 நிதியாண்டோட முடியற மாதிரி போட்டது. அமெரிக்காவுல பெரிய மிருகங்க மேல வண்டி மோதுறது வருஷத்துக்கு 10 லட்சத்துல இருந்து 20 லட்சம் தடவை, சுமார் 200 பேரு சாகறாங்க, வண்டி ரிப்பேர், ஆஸ்பத்திரி எல்லாம் சேத்து வருஷ நஷ்டம் 800 கோடி டாலருக்கு மேலன்னு அரசாங்க அறிக்கையே சொல்லுது. 800 கோடி வருஷா வருஷம் போற இடத்துல அஞ்சு வருஷத்துக்கு 35 கோடி போட்டிருக்காங்க. இந்தக் கணக்கை அங்க ரெண்டு கட்சி எம்பிக்களும் ஒத்துக்குறாங்க, வேட்டைக்குப் போறவங்களும் இயற்கை ஆர்வலர்களும் ஒண்ணா நின்னு கேக்குற அபூர்வமான விஷயம் இது, ஏன்னா மான்ல மோதுனா கார்ல இருக்கறவங்க எந்தக் கட்சின்னு மான் பாக்கறதில்ல.

கேள்வி: பாலம் கட்டுனா மட்டும் மிருகத்துக்கு எப்படி தெரியும், போர்டு படிக்குமா?
– ஒரு வாசகர், தேனி

போர்டு படிக்காது, வேலி படிக்கும்! ரோட்டோரமா வேலி போட்டு, வேலி முடியுற இடத்துல வழி விட்டாத்தான் அது வழின்னு மிருகத்துக்குப் புரியும். கனடாவுல பான்ஃப் தேசியப் பூங்காவுல 1980கள்ல இருந்து இதைத்தான் பண்ணாங்க, ரோடு நெடுக வேலி, மேல 6 பாலம், கீழ 38 வழி. வண்டி மோதுறது 80 சதவீதத்துக்கு மேல குறைஞ்சுது, மானுங்களை மட்டும் எடுத்தா 96 சதவீதம். ஆனா முதல் நாளே வந்துடல, கிரிஸ்லி கரடி நம்பி வர்றதுக்கு நாலஞ்சு வருஷம் ஆச்சு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ருசி வேற, கிரிஸ்லி, ஓநாய், எல்க் எல்லாம் அகலமா வெட்டவெளியா இருந்தாத்தான் வரும், கருங்கரடிக்கும் மலைச்சிங்கத்துக்கும் குறுகலா இருட்டா இருந்தா பிடிக்கும். அமெரிக்காவுல வயோமிங்ல பாத்தா பிராங்ஹார்ன்னு ஒரு மான் மாதிரி மிருகம் பாலத்து மேலதான் போகுது, மியூல் மான் அண்டர்பாஸ்லதான் போகுது, பக்கத்துல பக்கத்துல ரெண்டும் இருந்தாலும் அதது அதோட வழியில!

அதனாலதான் ரெண்டு மீட்டர் பைப்பு ஒண்ணைப் பொதச்சுட்டு வனவிலங்கு வழின்னு பில்லு போடுறதைப் பாத்தா எனக்கு ஆத்திரம் வருது. அந்தக் குழாயில உடும்பும் முள்ளம்பன்னியும் போகும், யானை போகாது. இன்னொண்ணு, கட்டுறதுக்குத்தான் காசு ஒதுக்குறாங்க, வேலியைப் பாத்துக்க, கேமரா மாத்த, அடியில மண்ணும் குப்பையும் சேந்தா அள்ள, ராத்திரி அங்க வந்து குடிச்சுட்டு பாட்டில் உடைக்கிறவங்களைத் தடுக்க ஒரு ஆள் போட, இதுக்கெல்லாம் ஒதுக்குறது ரொம்பக் கம்மி. கட்டி முடிச்சு குறைஞ்சது பத்து வருஷத்துக்கு பராமரிப்பையும் கேமரா கண்காணிப்பையும் அதே டெண்டர்லயே சேக்கணும்.

கேள்வி: எங்க வால்பாறையில குரங்குங்க கரண்ட் கம்பியிலயும் ரோட்டுலயும் சாகுது. அதுக்கும் கோடிக்கணக்குல வேணுமா?
– ஒரு வாசகர், வால்பாறை

வேணாம். உங்க ஊர்லயே புதுத்தோட்டம் பக்கம் ரோட்டுக்கு மேல மரத்துக்கு மரம் கட்டியிருக்காங்களே ஏணி மாதிரி, அதுல சிங்கவால் குரங்கு குடும்பத்தோட தாண்டிப் போறதை நீங்களே பாத்திருப்பீங்க. அந்தக் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டா உலகத்துல வேற எங்கயும் காட்டுல கிடையாது. அதுக்கு இந்த தொங்கு பாலமும், ரோட்டுல நின்னு வண்டியை மெதுவா போகச் சொல்ற ரெண்டு காவலாளும் போதும். செலவு ரொம்பக் கம்மி, அந்த காவலாளுங்க சம்பளம் மாசா மாசம் ஒழுங்கா வருதான்னு மட்டும் பாக்கணும். எல்லாத்துக்கும் மேல ரெண்டு பக்கமும் மரம் ஒண்ணோட ஒண்ணு முட்டுற இடத்துல கிளையை வெட்டாம விட்டாலே போதும்.

கேள்வி: மதுக்கரையில ரயில்ல அடிபட்டு யானைங்க செத்தது மறக்கவே முடியல. ரோட்டுக்குப் பேசுறீங்க, ரயிலுக்கு?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

2021 நவம்பர் 26 ராத்திரி, நவக்கரை கிட்ட மங்களூர் – சென்னை எக்ஸ்பிரஸ் மோதி மூணு யானை, அதுல ஒண்ணு வயித்துல குட்டியோட. எனக்கும் அந்த போட்டோ கண்ணுக்குள்ளயே இருக்கு. அதுக்கப்புறம் எட்டிமடை – வாளையாறு நடுவுல தண்டவாளத்துக்கு அடியில யானை போக ரெண்டு வழி கட்டுனாங்க, யானைங்க அதுல போகவும் செய்யுது. 2024 பிப்ரவரியில 7.24 கோடி செலவுல தமிழ்நாடு அரசு டவரு, கேமரா, ஏஐ எல்லாம் வெச்சு யானை தண்டவாளத்துக்கு 100 மீட்டர், 50 மீட்டர் கிட்ட வந்தாலே தகவல் போற மாதிரி பண்ணியிருக்காங்க. யானை செத்த அப்புறம் வந்த காசுங்குறதுதான் என் மனசை உறுத்துது, ஏன்னா அந்தக் காட்டு வழியா போற ரெண்டு ரயில் லைனுலயும் அதுக்கு முன்னாடியே பல வருஷமா யானை செத்துக்கிட்டுதான் இருந்துச்சு.

கேள்வி: எங்க மாவட்டத்துல காட்டோர ரோடு ஒண்ணை அகலப்படுத்தப் போறாங்கன்னு பேச்சு. சாதாரண ஆளு நாங்க என்ன பண்ண முடியும்?
– ஒரு வாசகர், தென்காசி

இப்பவே ஆரம்பிங்க, டெண்டர் விட்ட அப்புறம் கேட்டா எஸ்டிமேட்டுல இடம் இருக்காது. பொதுமக்கள் கருத்துக்கேட்பு கூட்டம் வரும், அதுல பேசிக்கலாம்னு காத்திருக்காதீங்க, இருக்குற நேஷனல் ஹைவேயை அகலப்படுத்துறது 100 கிலோமீட்டருக்குள்ள இருந்தா பெரும்பாலும் அதுக்கு சுற்றுச்சூழல் அனுமதியே தேவையில்லன்னு 2013ல விதியை மாத்திட்டாங்க, அனுமதி வேணாம்னா கூட்டமும் கிடையாது. ஆனா வன நிலமோ சரணாலயமோ வந்தா அந்த விண்ணப்பம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் இணையதளத்துல வரும், யாரு வேணா பாக்கலாம், மேப்போட இருக்கும்.

அதுக்குள்ள நீங்க பண்ண வேண்டியது ஒரே வேலைதான். அந்த ரோட்டுல அடிபட்டுக் கிடக்குற ஒவ்வொரு மிருகத்தையும் போனை எடுத்து லொக்கேஷன் ஆன் பண்ணி போட்டோ எடுங்க, தேதி, நேரம், கிலோமீட்டர் கல்லு நம்பர், பாம்பா மானா மரநாயான்னு குறிச்சு வெய்ங்க, உயிரோட தாண்டுற இடம் தெரிஞ்சா அதையும் எழுதுங்க. பால் ஊத்தப் போறவங்க, ஆடு மேய்க்கிறவங்க, முதல் பஸ் டிரைவர், இவங்களுக்கு எல்லாம் எந்த இடத்துல எது தாண்டும்னு அத்துப்படி, அவங்களைக் கேளுங்க. ஆறு மாசம் சேத்தீங்கன்னா மேப்புல நாலஞ்சு இடத்துல புள்ளி குவிஞ்சு நிக்கும், வழி விட வேண்டிய இடம் அதுதான். அதை ஒரு பேப்பர்ல போட்டு மாவட்ட வன அலுவலருக்கு ஒரு காப்பி, ஹைவேஸ் திட்ட இயக்குநருக்கு ஒரு காப்பி, கலெக்டருக்கு ஒரு காப்பின்னு குடுத்து கையெழுத்து வாங்கிக்கோங்க. நமக்கும் ஒரு காப்பி அனுப்புங்க, அடுத்த இதழ்லயே அந்த மேப்பைப் போடுறோம்.